திண்டுக்கல் பூட்டும் சிலிபின் நாசி லெமாக்கும்

"பசியாறியாச்சா?"

மலேசியாவின் ஈப்போ நகரம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டவர் மணியம் அண்ணே. ரயில் நிலைய வாசலில் எனக்காகக் காரோடு காத்திருந்த ஓட்டுநர். எங்கள் திண்டுக்கல்லில் காலையோ மாலையோ, எல்லா வேளைக்கும் 'சாப்பிட்டாச்சா'தான். இங்கே காலைச் சாப்பாட்டுக்கென்று தனியாக ஒரு சொல் வைத்து, அதையே வணக்கத்துக்குப் பதிலாகவும் நீட்டுகிறார்கள். பசி ஆறுகிறதாம்! கேட்டதும் எனக்குப் பாதிப் பசி ஆறிவிட்டது.

"இல்லைண்ணே."

"அப்ப மொத வேலை அதுதான். மத்ததெல்லாம் எங்கயும் ஓடிப்போயிடாதுலா."

சாலையின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் ஊர் மலை வெயிலில் கிடக்கும் ஒற்றைத் திண்டு, மொட்டைப் பாறை. இந்த ஊர் மலைகளுக்குத் தலைமுடி, தாடி, மீசை எல்லாம் பச்சையாக இருந்தது. ஒரு வீட்டின் பின்னால் துணிக் கொடி, கொடிக்குப் பின்னால் நேராக மலை. லுங்கி காயும் இடத்துக்கு அடுத்தது மேகம். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் தோழி முபீனாவும் கைபேசிக்கு ஒரு தமிழ் விசைப்பலகை செய்கிறோம். நிரல் எழுதுவது அவள். எந்த எழுத்து எங்கே உட்கார வேண்டும், விரல் எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பது நான். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்த பழக்கத்தில் தொடங்கி, மனிதர்களைப் பார்த்தே கற்றுக்கொண்ட தொழில். மலேசியாவில் நிறையப் பேர் எங்கள் பலகையைப் போனில் ஏற்றினார்கள். நிறையப் பேர் கழற்றியும் விட்டார்கள். "ஏன்னு போய்ப் பாத்துட்டு வாடி" என்று முபீனா என்னை அனுப்பினாள்.

இன்னொரு சரக்கும் கையோடு கொண்டு வந்திருந்தேன். போனில் நீங்கள் எழுதும் சொற்களை வேறு யாரும் பார்க்காமல் பூட்டும் வசதி. எண்ணைச் சொன்னால்தான் திறக்கும். மூலையில் அழகான மஞ்சள் பூட்டுப் படம். திண்டுக்கல்காரி பூட்டுச் செய்யாமல் வேறு யார் செய்வது என்று எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

மணியம் அண்ணே என்னைக் கொண்டுபோய் இறக்கிய இடம் சிலிபின் என்ற பகுதியில் ஓர் ஒட்டுக்கடை. தகரக் கூரை, நான்கைந்து பிளாஸ்டிக் மேசை, தேங்காய்ப்பால் சோற்றின் வாசனை. வாழையிலையில் சோறு, மேலே சிவப்புச் சம்பல், நெத்திலி, வேர்க்கடலை, பாதி முட்டை, வெள்ளரி. நாசி லெமாக். முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஊருல காரம் சாப்பிடுவேன்னு சொல்லிக்கிட்டு வருவாங்க," என்றார் கடைக்காரி வசந்தா அக்கா. "எங்க சம்பலைப் பாத்தா சாமியைப் பாத்த மாதிரி அழுவாங்க."

"இது ஆனந்தக் கண்ணீருக்கா."

"எந்தக் கண்ணீரா இருந்தாலும் தண்ணி அங்க இருக்கு தங்கச்சி."

அந்தக் கடைதான் என் சோதனைக்கூடம். மணியம் அண்ணே முன்பே பேசி வைத்திருந்தார். வசந்தா அக்காவின் போனில் எங்கள் பலகை கொஞ்ச காலமாகவே இருந்தது. எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். "ஏபிசிடியில தமிழை எழுதுனா என் பேரே எனக்குப் புரியல" என்பவர். நான் மூலை நாற்காலியில் உட்கார்ந்து அவர் எழுதுவதை வேடிக்கை பார்ப்பது என்று ஏற்பாடு.

பார்க்கப் பார்க்க எனக்குப் பரபரப்புத் தாங்கவில்லை. போன் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. வாயை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்கள். அக்காவின் கை முழுக்கச் சம்பல். விரலால் தொடாமல் சுண்டுவிரலை மடக்கி, அதன் முட்டியால் பைக்கு மேலே தட்டினார். எங்கள் சோதனைக்கு இதுவரை வந்தவர்கள் எல்லாரும் கை கழுவியவர்கள்! முட்டிக்கு ஏற்ற மாதிரி எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அப்போதே முபீனாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இது என்ன விரல்?" என்று கேட்டாள். "இதுதான் நம்ம வாடிக்கையாளர்" என்றேன்.

எங்கள் பலகையில் அக்காவுக்குப் பிடித்தது எழுத்துகளுக்கு மேலே இருக்கும் பட்டை. ஓர் எழுத்தைத் தட்டினால், நீங்கள் எழுதப்போகும் சொல்லை அது ஊகித்து நீட்டும். அந்தச் சொல்லைத் தொட்டால் அடுத்த சொல்லையும் நீட்டும். நீங்கள் அடிக்கடி எழுதுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். 'நா' என்றால் 'நாசி', அதைத் தொட்டால் 'லெமாக்', அதைத் தொட்டால் 'முடிஞ்சிருச்சு'. ஒரு முட்டிக்கு ஒரு வாக்கியம்.

கடையில் இன்னொருவரும் உண்டு. பரமேஸ்வரி அக்கா, வசந்தா அக்காவின் இறந்துபோன கணவருக்குக் கூடப்பிறந்த அக்கா. வசந்தா அக்கா அவரை அண்ணி என்று கூப்பிடுவார். அவருடைய மணிக்கட்டில் மஞ்சள் துணிக் காப்பு கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய பழைய எஸ்டேட் கோயிலில் திருவிழா, பால்குடம் எடுக்கிறார். விரதம் என்பதால் நெத்திலி, முட்டை பக்கமே வருவதில்லை. ஆகவே வழக்கமாகப் பொட்டலம் கட்டும் அவர், இந்த வாரம் முழுக்கப் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வரும் ஆர்டருக்கெல்லாம் பதில் போடுவது அவர்தான்.

அவரிடம் ஒரு விசித்திரம். சீருடை போட்ட சின்னப் பள்ளிப் பையன் வந்தால்கூட, "என்னா அண்ணே, தாப்பாவா, இங்கயே சாப்பிடுறீங்களா?" என்பார். தாப்பாவ் என்றால் பொட்டலம். அந்தப் பையனும் பெரிய மனுஷன் போல "தாப்பாவ்க்கா" என்பான். நான் சிரித்துவிட்டேன். நல்ல மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வசந்தா அக்கா என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். தேங்காய் துருவும் மெஷினைப் போட்டுவிட்டார். அந்த இரைச்சலில் பேசினால் முன்பக்கம் கேட்காது.

"தங்கச்சி, உங்க பலகைக்கு வாய் அதிகம்."

"என்னாச்சுக்கா?"

"நேத்து அண்ணி ஆர்டருக்கு 'ரெண்டு'ன்னு அடிக்கப் போயிருக்காங்க. ஒரு எழுத்து வைச்ச ஒடனே மேல 'ராகவன்'னு வந்து நிக்குது. யாரு ராகவன்னு கேக்குறாங்க. முட்டை போடுற ஆளுன்னு சொல்லிட்டேன்."

"முட்டை போடுற ஆளு இல்லையா?"

அக்கா மெஷினைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சம்பல் இல்லாமலே முகம் சிவந்திருந்தது.

"தஞ்சோங் மாலிம்ல கார் பேக்டரியில வேலை. அவருக்கும் சம்சாரம் இல்லை. இங்க சிலிபின்ல அவரு அக்கா வீட்டுக்கு வர்றப்ப நம்ம கடையில பசியாறுவாரு. சாப்பிட்டு முடிச்சு எலையைத் தானே மடிச்சுக் குப்பையில போடுவாரு. எந்த ஆம்பளை போடுறான்? அங்கதான் ஆரம்பிச்சது." குரலைத் தாழ்த்தினார். "கல்யாணம் பண்ணிக்கலாம்னு பேசி முடிவு பண்ணியாச்சு."

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. "அக்கா! இதை ஏன் மெஷின் சத்தத்துல சொல்றீங்க!"

"உஷ். நான் மறைக்கல தங்கச்சி. மறைக்கிறது வேற, நேரம் பாக்குறது வேற. அண்ணிக்கிட்டதான் மொதல்ல சொல்லணும். ஆனா கையில காப்பு இருக்கே. எங்க எஸ்டேட்டுல அப்பலேர்ந்தே பழக்கம். காப்பு கட்டுன ஆளுக்கிட்ட கனமான சேதி சொல்லக்கூடாது. நல்லதோ கெட்டதோ, அவுத்த பொறவுதான். பால்குடத்தைத் தலையில வைச்சுக்கிட்டு நடக்கும்போது மனசு ஆடக்கூடாதுலா."

இன்னொரு தேங்காய் மூடியை எடுத்து மெஷினில் வைத்தார். "எங்க வீட்டுக்காரரு போன பொறவு அவங்க என்னைய விட்டுட்டுப் போயிருக்கலாம். போகல. பிள்ளைங்கள ரெண்டு பேருமா வளத்து ஆளாக்குனோம். பாத்தீங்கள்ல, சின்னப் பையனைக்கூட அண்ணேன்னுதான் கூப்பிடுறாங்க. 'தம்பி'ங்கற வார்த்தை அவங்க வாயில வராது. தம்பியோட அது போச்சு. அப்படிப்பட்டவங்க இதை ஒரு மெஷின் சொல்லித் தெரிஞ்சுக்கக் கூடாது. நான் சொல்லணும்."

போனில் ராகவன் பெயரை 'முட்டைக்காரர்' என்று பதிந்திருந்தார். எழுதியதை அப்போதைக்கப்போது அழித்தும் விடுவார். அவ்வளவு கவனமாக இருந்த மனுஷியை என் பட்டை காட்டிக்கொடுக்கப் பார்த்திருக்கிறது. பலகை கற்றுக்கொண்ட சொற்களை எல்லாம் ஒரே தட்டில் அழித்துவிடலாம் என்றேன்.

"நேத்து வரைக்கும் பேசுனது இன்னைக்கு ஊமையானா அண்ணி ஏன்னு கேக்க மாட்டாங்களா?" பிறகு மெதுவாகச் சொன்னார். "அதோட, இந்த வயசுல ஒரு ஆளுக்கு எழுதுன வார்த்தைங்க. அதை அழிக்கச் சொல்றீங்களா?"

எதற்கு அழிக்க வேண்டும்? என்னிடம்தான் பூட்டு இருந்ததே! அந்த இடத்திலேயே அக்காவின் போனில் மஞ்சள் பூட்டை ஏற்றினேன். எண்ணைச் சொன்னால் எல்லாச் சொல்லும் வரும்; சொல்லாவிட்டால் பட்டை காலி. திண்டுக்கல் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிமிர்ந்து நடந்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு நடுவே பரமேஸ்வரி அக்காவின் குரல் கேட்டது.

"என்னா வசந்தா இது, போனுக்குப் பூட்டு மாட்டியிருக்கே? யாரு திருடப்போறா, நானா?"

கடை மொத்தமும் திரும்பியது. ஒரு மேசையிலிருந்து, "உள்ள நெத்திலி வைச்சிருக்காங்கக்கா, நீங்க எடுத்துத் தின்னுடுவீங்கன்னு!" என்று ஒருவர் கத்தினார். இன்னொரு மேசை, "வசந்தா அக்கா லாட்டரி அடிச்சிருச்சுலா!" என்றது. வசந்தா அக்காவின் கையில் இருந்த கரண்டி சோற்றுச் சட்டியில் அப்படியே நின்றது.

"நான்தான்க்கா போட்டேன்," என்று எழுந்தேன். "சோதனைக்கு."

பரமேஸ்வரி அக்கா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தொறந்து கிடக்குற வீட்டை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான் தங்கச்சி. பூட்டுன வீட்டைத்தான் எட்டிப் பாப்பான்," என்று சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைத்தார். அதன் பிறகு அவர் வசந்தா அக்காவோடு சரியாகப் பேசவில்லை. பொட்டலங்கள் மட்டும் கைமாறின.

பூட்டைக் கழற்றினேன். அன்றைக்கு மீதி நேரம், சோதனை என்ற பெயரில் போனை நானே வைத்துக்கொண்டு, பரமேஸ்வரி அக்கா சொல்லச் சொல்ல ஆர்டருக்குப் பதில் அடித்தேன். மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, தப்பான சாவி போட்டால் சாவியையே பிடித்துக்கொள்ளும் பூட்டு என்று எத்தனை செய்த ஊர் எங்களுடையது! ஆனால் எங்கள் ஊரில் பெட்டி ஒருவருடையது, சாவி ஒருவருடையது. சிலிபின் கடையில் போன், உப்பு ஜாடி மாதிரி. யார் கை காலியோ அவர் எடுப்பார். உப்பு ஜாடிக்குப் பூட்டுப் போட்டால் ஊர் சிரிக்காதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா என்று நம்மூரில் சொல்வார்களே, நான் மூடி போட்டு ஊர் வாயைத் திறந்துவிட்டிருந்தேன்.

சனிக்கிழமை கடை இல்லை. திருவிழா வேலைக்காகப் பரமேஸ்வரி அக்கா முன்பே எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மணியம் அண்ணே என்னைப் பழைய டவுனில் ஒரு சீனர் கோப்பிக் கடைக்கு அழைத்துப்போனார். பால் கலந்த வெள்ளைக் கோப்பி. எங்கள் ஊர் டிகிரி காபி மூக்கைப் பிடிக்கும். இது தொண்டையைத் தடவிக்கொடுக்கும். இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

சுவரில் பெரிய பலகை. வாட்டிய ரொட்டி, முட்டை, மீ என்கிற நூடுல்ஸ் என்று பட்டியல். அண்ணே கடைக்காரரிடம் கண்டோனீஸ் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். கிண்ணத்தில் இஞ்சி வாசத்தோடு ஒரு பால் பண்டம் ஆடிக்கொண்டே வந்தது.

"இது பலகையில இல்லையேண்ணே?"

"கேட்டாத்தான் வரும்லா. கொஞ்சமாத்தான் செய்வாரு."

"இல்லேன்னு யாரும் சண்டை போட மாட்டாங்களா?"

"பலகை ரொம்பிக் கிடக்குதே. ஒண்ணு இல்லேன்னு எப்படித் தெரியும்?"

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். "நிறைஞ்சு கிடக்கணும்ணே! காலியா இருக்கக் கூடாது!"

அண்ணே பதறிப்போய் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "மெதுவா, மெதுவா. இப்படி எந்திரிச்சுக் கத்துனா தஞ்சோங் ரம்புத்தானுக்கு வண்டியைத் திருப்பிருவேன்." அங்கேதான் இந்தப் பக்கத்துப் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறதாம். ஈப்போவில் யார் யாரைக் கேலி செய்தாலும் அந்த ஊர்ப் பெயர் வந்துவிடுகிறது. பாவம், அந்த ஊர்க்காரர்கள் என்னதான் செய்வார்கள்.

அங்கிருந்தே முபீனாவைக் கூப்பிட்டேன். ஊரில் அவள் பிரியாணியைத் தம்மில் போட்டிருந்தாள். "பூட்டு வேண்டாம். பூட்டுப் படமும் வேண்டாம். ஒரு சொல்லை அழுத்திப் பிடிச்சுக் கீழே இழுத்தா அது பின்னாடி போயிடணும். அந்த இடத்துல தினசரிச் சொல் ஏதாவது வந்து உக்காரணும். இடம் காலியா இருந்தா அதுவே ஒரு பூட்டு. திரும்ப வேணும்னா கீழே இருக்குற இடைவெளிப் பட்டையில விரலை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் தேய்ச்சாப் போதும். தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியணும்."

"எப்ப வேணும்?"

"நாளைக்குக் காலையில."

முபீனா என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆனால் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மணியம் அண்ணேயின் காரில் நானும் வசந்தா அக்காவும் புறப்பட்டோம். முபீனாவிடமிருந்து செய்தி வந்தபோது டவுனைத் தாண்டிவிட்டோம். 'ஏத்திட்டேன். இறக்கிக்கோ. இனி மூணு நாளைக்குக் கூப்பிடாதே.' கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதை அக்காவின் போனில் இறக்கியாக வேண்டும். அங்கே போனதும் போன் பரமேஸ்வரி அக்கா கைக்குப் போய்விடும். பால்குடப் படம் அனுப்ப, சேதி போட, எல்லாவற்றுக்கும் அதுதான். அவருடைய போனில் படம் மங்கலாக விழுமாம்.

பெருஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் எல்லாப் பக்கமும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. முன்பு ரப்பர்க் காடாம்; இவர்கள் பேச்சில் பால்மரம். மண்பாதை, முதல் நாள் மழை. எங்களுக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஆடி ஆடிப் போனது. அதற்கு ஒதுங்கப்போய் எங்கள் கார் பக்கத்து வாய்க்காலில் ஒரு காலை விட்டுவிட்டது. போனில் இறங்கிக்கொண்டிருந்த புதுப் பலகையின் கோடும் பாதியில் நின்றது. சிக்னல் இல்லை.

"சாமி நம்மள வர வேணாங்குதா?" என்றார் வசந்தா அக்கா.

"சாமி இல்லக்கா, டயரு," என்றார் மணியம் அண்ணே.

குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளிகள் இருவர் கேட்காமலே வந்து காரைத் தள்ளினார்கள். "சிக்கிட் லாகி! சிக்கிட் லாகி!" என்று மலாயில் கத்தினார்கள். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். நான் போனைப் பையோடு தூக்கிக்கொண்டு பக்கத்து மேட்டில் ஏறினேன். செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. நான் மட்டும் போனேன். கையை வானத்துக்கு நீட்டினால் கோடு நகர்கிறது, இறக்கினால் நிற்கிறது. கீழே கார் ஏற ஏற, மேலே கோடு ஏற ஏற, நானும் சேர்ந்து கத்தினேன், "சிக்கிட் லாகி!" கார் பாதைக்கு வந்ததும், போனும் 'தயார்' என்றது. அந்தத் தொழிலாளிகள் எதற்கென்று தெரியாமலே எனக்காகக் கைதட்டினார்கள்.

காரில் உட்கார்ந்து அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் 'ர' தட்டினார். ராகவன் வந்தார். முட்டியால் அழுத்திப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"உள்ள போங்க. கொஞ்ச நேரந்தான்," என்றார் அந்தச் சொல்லிடம். பெயர் மறைந்த இடத்தில் 'ரசம்' வந்து உட்கார்ந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் மணியம் அண்ணே இன்னொரு வாய்க்காலில் இறங்கப் பார்த்தார்.

எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் இப்போது இல்லை. கோயில் மட்டும் இருந்தது; பின்னால் பழைய சீவல் தழும்போடு சில பால்மரங்கள். ஆனால் கூட்டம்! கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்திருந்தார்கள். உருமி மேளம் அடித்த அடியில் என் நெஞ்சுக்குள் இன்னொரு நெஞ்சு அடித்தது. பரமேஸ்வரி அக்கா மஞ்சள் சேலையில், தலையில் பால்குடத்தோடு வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வசந்தா அக்கா அவர் கூடவே, சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பால் ஊற்றி முடித்து மரத்தடியில் உட்கார்ந்ததும், காப்பு அவிழ்க்கும் முன்பே, "வசந்தா, போனைக் கொடு," என்றார். "ராத்திரிக்குச் சோறு வைக்கச் சொல்லி நம்ம மகளுக்குப் போடணும்."

'ர' தட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். ரெண்டு, ரசம், ராத்திரி என்று பட்டை நிறைந்து நின்றது. ராத்திரியைத் தொட்டார்.

"இன்னைக்கு நல்ல பிள்ளையா இருக்கே," என்றார் போனிடம். என்னைப் பார்த்தார். "பூட்டு எங்க தங்கச்சி?"

"கழட்டிட்டேன்க்கா. சரியா வரல."

"அப்படித்தான் இருக்கணும்."

பூசாரி வந்து காப்பை அவிழ்த்தார். மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும் வளையல் போல இருந்தது. சாப்பாட்டுப் பந்திக்குக் கூட்டம் நகர்ந்தது. நானும் எழுந்தேன். வசந்தா அக்கா என் கையைப் பிடித்தார்.

"இருங்க தங்கச்சி. மெஷின் மக்கர் பண்ணா?"

பிறகு பரமேஸ்வரி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். இத்தனை நாளாகக் காத்திருந்த பேச்சு வரவில்லை. கடைசியில் போனை எடுத்து, இடைவெளிப் பட்டையில் முட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேய்த்து, அண்ணியின் மடியில் வைத்தார்.

"ஒரு எழுத்து தட்டுங்க அண்ணி. ர."

"என்னா விளையாட்டு இது?" என்றபடி தட்டினார். 'ராகவன்' வந்தது. "முட்டைக்காரன்தானே?"

"அதைத் தொடுங்க."

தொட்டார். பட்டை அடுத்த சொல்லை நீட்டியது: 'மொதல்ல'. தொட்டார். 'அண்ணிக்கிட்ட'. பரமேஸ்வரி அக்காவின் விரல் கொஞ்சம் நின்றது. தொட்டார். 'சொல்லணும்'.

நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. பட்டை தானாக எதையும் யோசிக்காது. ஒருவர் திரும்பத் திரும்ப எழுதியதை மட்டும்தான் நீட்டும். அந்த மனிதருக்கு இந்த வாக்கியத்தை வசந்தா அக்கா எத்தனை முறை எழுதியிருந்தால் அது இவ்வளவு சரளமாக வரும்! பரமேஸ்வரி அக்கா எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தட்டினார். ராகவன். மொதல்ல. அண்ணிக்கிட்ட. சொல்லணும்.

"தஞ்சோங் மாலிம், அண்ணி," என்றார் வசந்தா அக்கா. "கார் பேக்டரி. கல்யாணம் பண்ணிக்கலாம்னு கேட்டாரு. நான் சரின்னு சொன்னேன். காப்பு இருந்துச்சு, அதான்..."

பந்தியில் யாரோ சாம்பார் கேட்டுக் கத்தினார்கள். பரமேஸ்வரி அக்கா மணிக்கட்டின் மஞ்சள் கறையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நானும் பாக்குறேன்," என்றார் கடைசியில். "முட்டைக்காரன், முட்டைக்காரன்ங்கறே. ஒரு முட்டை வந்தபாடில்லையே!"

வசந்தா அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

"எலையை மடிச்சுப் போடுற ஆளுதானே?"

"அண்ணி! உங்களுக்கு எப்படி..."

"கண்ணு எனக்கும் இருக்குலா. அவரு நம்பரை எடு."

அக்கா முட்டைக்காரரைத் திறந்து கொடுத்தார். பரமேஸ்வரி அக்கா விரலைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். முதல் எழுத்து, த. பட்டை 'தண்ணி', 'தாப்பாவ்', 'தேங்கா' என்று அடுக்கியது. அவருக்கு வேண்டிய சொல் அதில் இல்லை. அந்தப் போனில் அதை யாரும் எழுதியதே இல்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அவரே எழுதினார். நானும் உதவப் போகவில்லை.

'தம்பி, வீட்டுக்கு சாப்பிட வாங்க.'

அனுப்பினார். நாங்கள் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வந்தது. குரல் செய்தி! இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த என் விசைப்பலகைக்கு அந்த மனிதர் செய்த மரியாதை அவ்வளவுதான். பரமேஸ்வரி அக்கா சத்தத்தைக் குறைத்து, போனைத் தன் காதோடு ஒட்டி வைத்து, எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"என்னா சொல்றாரு அண்ணி?"

"இரு," என்றார். இன்னொரு முறை முழுதாகக் கேட்டார். பிறகு திரும்பி, போனை வசந்தா அக்காவின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"வாராராம்லா. சம்பல்ல காரத்தைக் கொறை."